நேட்டால் கப்பல் பட்டியலும் நம் ஊர்ப் பெயர்களும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தென்னாப்பிரிக்காவிலிருந்து பூர்விக ஊரைத் தேடி வருவோரைப் பற்றித் தங்கள் நாளிதழில் வெளியான கட்டுரையைப் படித்தேன். அந்தத் தேடல் இங்கிருந்தும் நடந்தாக வேண்டும் என்பதை வலியுறுத்தவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

சென்னையிலிருந்து புறப்பட்ட 'ட்ரூரோ' கப்பல் 1860 நவம்பர் 16 அன்று டர்பனை அடைந்தது முதல் 1911 வரை, 1,52,000-க்கும் மேற்பட்டோர் ஒப்பந்தக் கூலிகளாக, டர்பன் துறைமுகம் அமைந்த தென்னாப்பிரிக்கப் பகுதியான நேட்டாலுக்குச் சென்றனர். அவர்களில் பெரும்பகுதியினர் சென்னை மாகாணத்தவர். கப்பல் பட்டியலில் ஒவ்வொருவருக்கும் ஓர் எண்ணும், தந்தை பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, ஊர், உடல் அடையாளம் ஆகிய விவரங்களும் உண்டு. எண் தெரிந்துவிட்டால் பிற்காலக் கோப்புகளிலும் அதைக் கொண்டே ஆளைப் பின்தொடரலாம். ஆனால் சரியான ஆளைக் கண்டறிவதுதான் கடினம்; ஒரே கப்பலில் முனுசாமிகள் பலர் இருப்பார்கள்.

என் கொள்ளுப்பாட்டனாரின் தமையனார் மோரீசுக்குப் போனவர் என்றே எங்கள் வீட்டில் சொல்வார்கள். நேட்டால் பட்டியலில் அவர் பெயரும், தந்தை பெயரும், போளூர் தாலுகாவும் பொருந்தி வந்தபோதும் எங்களுக்கு ஐயம் தீரவில்லை. 'இடது கணுக்காலில் தழும்பு' என்ற குறிப்பைக் கண்ட பிறகே உறுதி பிறந்தது. சிறுவயதில் மாடு பூட்டிக் கிணற்று நீர் இறைக்கும் கவலையை ஓட்டுகையில் வடம் அறுத்துக் காலில் தழும்பு விழுந்த கதையைப் பாட்டி சொல்லிக் கேட்டிருந்தோம். கடல் கடந்த குடும்பத்தாரிடம் ஆவணம் இருக்கலாம். இந்தக் கதை ஊரில் தங்கியவர்களிடம் மட்டுமே இருக்கும். முதியவர்கள் இருக்கும்போதே அதை எழுதி வைப்பது நம் கடமை.

ஊர்ப் பெயர்ச் சிக்கலோ தனிநபரால் தீர்க்கக்கூடியதன்று. பட்டியலில் நம் ஊர்ப் பெயர்கள் எழுதுபவர் காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் உருமாறிக் கிடக்கின்றன. 'வட ஆர்க்காடு' என்று மட்டும் குறிக்கப்பட்ட ஊர், 1911-இல் சித்தூர் மாவட்டம் உருவானதால் இன்று ஆந்திரத்தில் இருக்கலாம்; 1989-இல் நடந்த பிரிவினைக்குப் பின் வேலூர் பக்கமோ திருவண்ணாமலைப் பக்கமோ இருக்கலாம். எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகம், வருவாய்த் துறையின் பழைய நிலப் பதிவேடுகளோடு ஒப்பிட்டு, பட்டியலில் உள்ள ஊருக்கு இன்றைய வருவாய்க் கிராமம் எது என்று காட்டும் அட்டவணை ஒன்றைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் வெளியிட வேண்டும். எல்லா மாவட்டங்களையும் ஒரே மூச்சில் முடிக்க இயலாதெனில், போளூர், ஆரணி வட்டாரங்களிலிருந்தேனும் இப்பணியைத் தொடங்குமாறு அரசைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
ஆரணி