நூலகத்தில இரவு 10.30 வரைக்கும் ஒரு மேசை வேணும்

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்,

நான் புதுக்குடியிருப்பு. லண்டன்ல இருக்கிற ஒரு கொம்பனிக்கு ஒன்லைன்ல கணக்கு எழுதுற வேலை. லப்டொப்பும் டேட்டாவும் இருந்தால் எங்கையிருந்தும் செய்யலாம் எண்டபடியால போன வருசத்தில இருந்து வன்னிக்குள்ளயே சுத்திச் சுத்தி வேலை செய்யிறன், மன்னாரில 3 கிழமை, வவுனியாவில ஒரு மாசம், பிறகு முல்லைத்தீவு, மாங்குளம். டிஜிட்டல் நோமாட் எண்டு இதுக்குப் பேர், எஸ்தோனியா 2020இலயே இப்பிடியான ஆக்களுக்கெண்டு தனி விசா குடுக்கத் தொடங்கிட்டுது. வெள்ளைக்காரருக்கு மட்டுமான வேலை இல்லை இது.

ஓடி ஓடித் திரிஞ்சால்தான் காசு கரையும். லொட்ஜில 5 நாள் நிக்கிற காசுக்கு ஒரு வீட்டில அறை எடுத்து மாசக்கணக்கா இருக்கலாம், அந்தக் காசும் அந்த வீட்டு அம்மாவின்ர கையிலதான் போகும். தண்ணியைக் கொதிக்கவைச்சு என்ர போத்தலிலயே கொண்டு திரியிறன். பயணம் பஸ்தான், மாங்குளத்தில ஏறி ஏ34 றோட்டால முல்லைத்தீவு, அங்கயிருந்து புதுக்குடியிருப்பால பரந்தன், ஏ9ஐப் பிடிச்சுத் திரும்ப மாங்குளம், ஒரு வட்டம். விடியக்காலமை நந்திக்கடல் கரையில இறால் கொண்டு வாறவையோட கதைச்சுட்டு, குளிச்சு சாப்பிட்டு ஆறுதலா வேலைக்கு இருக்க நேரம் இருக்கு.

ஏனெண்டால் லண்டன்ல காலமை 9 மணி எங்களுக்கு மத்தியானம் 1.30, அங்க குளிர்காலம் எண்டால் 2.30. அவை 5 மணிக்கு முடிக்கேக்க இஞ்ச இரவு 9.30, இல்லாட்டி 10.30. நான் போன நூலகம் எல்லாம் பின்னேரத்தோட பூட்டிடும். அறையில தகரக் கூரை, அந்த வெக்கைக்கு லப்டொப்பே கொதிக்கும்.

ஒருநாள் மீற்றிங் நடக்கேக்க பற்றரி இறங்கி ஒரு ரீக்கடைக்கு ஓடினன். கடையில ஒரே ஒரு பிளக், அதில பிரிட்ஜ். கடைக்கார அம்மா பிரிட்ஜைக் கழட்டி என்ர வயரைக் குத்திப்போட்டு, "ஐஸ்கிரீம் இளகினால் இளகட்டும் தம்பி, நீங்கள் கதைச்சு முடியுங்கோ" எண்டா. எனக்குக் கண் கலங்கிட்டுது. ஆனால் ஒவ்வொரு நாளும் அந்த அம்மான்ர பிரிட்ஜைக் கழட்டேலாதுதானே.

புதுசா ஹோட்டலோ ஏசி ஹோலோ கட்டச் சொல்லிக் கேக்கேல்ல, குளக்கட்டுப் பக்கம் தயவுசெய்து ஒண்டும் கட்டாதேங்கோ. இருக்கிற நூலகத்தில ஒரு அறை, நாலு மேசை, பிளக், நல்ல இன்டர்நெட், கூரையில சோலார், இரவு 10.30 வரைக்கும் ஒரு ஆள் காவலுக்கு. கிளிநொச்சி அறிவியல் நகரில இருக்கிற யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பொறியியல் பீடத்திலயும் 2021இல தனிப் பல்கலைக்கழகமான வவுனியாவிலயும் படிச்சு முடிக்கிற பிள்ளையள் வேலைக்கெண்டு கொழும்புக்கு பஸ் ஏறாமல் இஞ்ச இருந்தே உழைக்கலாம். பொம்பிளைப் பிள்ளையளை இரவில ரீக்கடையில இருக்க எந்தத் தாய் தகப்பன் விடும், நூலகம் எண்டால் விடுவினம், அப்பா வந்து மோட்டச்சைக்கிளில ஏத்திக்கொண்டு போவார்.

பிரதேச சபைகள் ஒரே ஒரு நூலகத்தில 6 மாசம் செய்து பாக்கட்டும். மாசக் காசு கட்ட நான் இப்பவே ரெடி.

இப்படிக்கு,
ஒரு வாசகன்,
புதுக்குடியிருப்பு