ஏரிகளும் சென்னையின் வரலாறுதான்

ஆசிரியருக்கு,

சென்னை தினத்தையொட்டித் தங்கள் நாளிதழில் வெளியான சிறப்புக் கட்டுரை படித்தேன். 1639-இல் கிழக்கிந்தியக் கம்பெனி பெற்ற கடலோர நிலத்தையும் கோட்டையையும் விரிவாகக் கூறும் அக்கட்டுரை, மாகாணத் தலைநகரம் வளர்வதற்கு இடம் தந்த கிராமங்களை ஒரே வரியில் கடந்துவிடுகிறது. பல்லவர் காலக் கல்வெட்டு உள்ள திருவல்லிக்கேணி, எழும்பூர், புரசைவாக்கம், தண்டையார்பேட்டை என ஊர் ஊராகச் சேர்ந்தே இந்நகரம் உருவானது. அக்கிராமங்களின் வயல்களும் பாசன ஏரிகளும் பின்னர் மனைகளாயின. 1920-களில் மாம்பலம் ஏரி தூர்க்கப்பட்டே தியாகராய நகர் எழுந்தது.

அந்தப் பழைய ஏரிப் பரப்பில்தான் நாங்கள் குடியிருக்கிறோம். பக்கத்துத் தெருக்களில் மழைநீர் வடிந்த பிறகும் எங்கள் தெருவில் நாள்கணக்கில் தேங்கி நிற்கும். 2015 டிசம்பரில் வீட்டுக்குள்ளேயே புகுந்தது. எனவே பழைய நில அளவை வரைபடங்களிலிருந்து ஏரிகளின் எல்லைகளையும் வரத்துக் கால்வாய்களையும் வார்டு வாரியாகத் தொகுத்து மாநகராட்சி வெளியிட வேண்டும். மழைநீர் வடிகால் திட்டங்களும் கட்டட அனுமதிகளும் அவற்றைப் பார்த்தே முடிவு செய்யப்பட வேண்டும்.

– ஒரு வாசகர், மாம்பலம், சென்னை