ஒல்லிக்கு, கட்டை எழுதுவது

புதுச்சேரி
ஞாயிறு மதியம், கரண்ட் இல்லை

அன்புள்ள ஒல்லி,

உன் மெயில் வந்து மூன்று வாரம் ஆகிவிட்டது. பதில் போடாததற்குக் காரணம் சோம்பேறித்தனம் பாதி, நீ கேட்டிருந்த கேள்வி பாதி. "பிரசங்கம் பத்து நிமிடம் தாண்டினால் வெளியே போய் வேர்க்கடலை வாங்குகிறவன் நீ, உனக்கு மறைக்கல்வி வகுப்பா, பென்ஷன் வந்ததும் மூளை குழம்பிவிட்டதா?" என்று எழுதியிருந்தாய். நியாயமான கேள்விதான். நாற்பது வருடமாக ஞாயிறு பூசையை வேப்பமரத்தடியில், நிறுத்தியிருக்கும் பைக் ஒன்றின் மேல் சாய்ந்தபடியே பார்த்தவன் நான், நற்கருணை நேரத்தில் மட்டும் உள்ளே போய்விட்டு வருவேன். அந்த மரத்தடியில் எனக்கென்று ஒரு இடமே இருந்தது.

ஆரம்பித்து வைத்தது என் வீட்டுக்காரிதான். போன வருடம் ரிட்டயர் ஆன இரண்டாவது வாரம், "இந்த மாத அன்பியக் கூட்டம் நம் வீட்டில்" என்றாள். நீ ஊரைவிட்டுப் போன காலத்தில் அன்பியம் என்ற பேச்சே நம் பக்கம் அதிகம் இல்லை, அதனால் சொல்கிறேன். பங்கை, அதாவது ஒரு கோவிலைச் சேர்ந்த மக்களை, இருபது முப்பது குடும்பங்கள் கொண்ட சின்னச் சின்னக் கூட்டங்களாகப் பிரித்திருக்கிறார்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு புனிதர் பெயர், மாதம் ஒரு வீட்டில் கூடி பைபிளில் ஒரு பகுதியை வாசித்து, அது தன் வாழ்க்கையில் எங்கே ஒட்டுகிறது என்று ஆளுக்கு இரண்டு வார்த்தை பேசி, செபம் சொல்லி, டீ குடித்துக் கலைய வேண்டும். என் வீட்டில் கூட்டம், நான் மொட்டை மாடிக்கு ஓடவும் முடியாது. உட்கார்ந்தேன். தோபித்து ஆகமம் எடுங்கள் என்றார்கள். ஒல்லி, எனக்கு அறுபது வயது, அது பைபிளில் எந்தப் பக்கம் இருக்கிறது என்று தெரியவில்லை, பழைய ஏற்பாட்டில் இருப்பதைப் புதிய ஏற்பாட்டில் தேடிக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டு ஏழாம் வகுப்புப் பெண் என் கையிலிருந்து புத்தகத்தை வாங்கி, பக்கத்தைத் திருப்பி, ஒன்றும் சொல்லாமல் திருப்பிக் கொடுத்தாள். அவள் சிரித்திருந்தால்கூடப் பரவாயில்லை.

அந்த வெட்கம்தான் என்னை வகுப்புக்கு அனுப்பியது. பக்தி என்று நீ நினைத்துக்கொள்ளாதே.

வகுப்பு சனிக்கிழமை மாலை, பள்ளிக்கூடத்து ஒன்றாம் வகுப்பு அறையில். அந்த பெஞ்சுகளில் முழங்கால் மடக்கி உட்காருவதே ஒரு தவம். பதினாறு பேர் வருகிறோம், கல்யாணத்துக்காக ஞானஸ்நானம் வாங்கப்போகிற ஒரு பையன், இரண்டு விதவை அம்மாக்கள், ஒரு ஆட்டோக்காரர், மீதி என்னைப் போன்ற பென்ஷன் கூட்டம். சொல்லிக்கொடுப்பவர் ஒரு வயதான சிஸ்டர், ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். தூங்கினால் பெயர் சொல்லி எழுப்புவார்.

நம் சின்னக் குறிப்பிடம் ஞாபகம் இருக்கிறதா? புதுநன்மைக்கு முன்னால் கேள்வியும் பதிலுமாக உருப்போட வைத்தார்களே, ஒரு வார்த்தை மாறினால் காதைத் திருகுவார் உபதேசியார். நாம் படித்த மறைக்கல்வி அத்தோடு சரி. பத்து வயதில் தைத்த சட்டையை இன்னும் போட்டுக்கொண்டு திரிகிறோம் என்று சிஸ்டர் முதல் நாளே சொன்னார், எனக்குச் சுருக்கென்றது. 1992இல் ரோமில் வெளியிட்ட பெரிய மறைக்கல்வி நூல் ஒன்று இருக்கிறது, மொத்தம் 2865 பத்தி. வரிசையாக வாசித்தால் இந்த ஜென்மம் போதாது, அதனால் சிஸ்டர் வேறு வழி பிடித்தார். உங்களுக்கு மனப்பாடமாகத் தெரிந்த ஏதாவது ஒன்றைச் சொல்லுங்கள், அங்கிருந்து ஆரம்பிப்போம் என்றார்.

நான் சொன்னது மாதாவை வாழ்த்தும் அருள் நிறை மந்திரம், பாட்டி சொல்லிக்கொடுத்த பழைய பாடத்தில். "பிரியதத்தத்தினாலே பூரண மரியாயே வாழ்க." சிஸ்டர், "பிரியதத்தம் என்றால் என்ன?" என்று கேட்டார். யோசித்துப் பார், ஒரு முழு செபமாலைக்கு ஐம்பத்து மூன்று தடவை, எத்தனை வருடம், எத்தனை சாவு வீடு, எத்தனை அக்டோபர் மாதம்! எனக்குத் தெரியவில்லை. மாதாவின் ஊர்ப் பெயர் என்றுகூடச் சின்ன வயதில் நினைத்திருக்கிறேன். பிரியமாய்த் தத்தம் செய்வது, அதாவது கேட்காமலே, தகுதி பார்க்காமலே அன்பினால் தந்துவிடுவது, அதைத்தான் இப்போது அருள் என்கிறோம் என்றார். வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் அந்த ஒரு வார்த்தையை மென்றுகொண்டே வந்தேன். புதிய பாடம் சுலபமாக இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன், ஆனால் அருள் என்ற சொல்லில் கொடுக்கிறவனின் கை தெரிவதில்லை, இதில் தெரிகிறது.

அடுத்த வாரம் சின்னப்பர். நம் வகுப்பில் மூன்று சின்னப்பன்கள், ஞாபகமா? கறுப்பு, சைக்கிள், மூக்கொழுகி. எல்லாம் யாரோ சின்ன அப்பனின் பெயர் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். அது புனித பவுல்தானாம்! லத்தீனில் பவுலுஸ் என்றால் சிறியவன், அதை அந்தக் காலத்து மிஷனரிகள் அப்படியே தமிழாக்கிவிட்டார்கள். யோவான் என்ற எபிரேயப் பெயரில் கடவுளின் அருள் என்ற பொருள் இருப்பதால் அருளப்பர். 1995இல் பொது மொழிபெயர்ப்பு பைபிள் வந்தபோது இவர்களெல்லாம் பவுல், யோவான் என்று மாறிவிட்டார்கள், மற்றச் சபையாரோடு சேர்ந்து செய்த மொழிபெயர்ப்பு, அதனால் விட்டுக்கொடுத்துத்தான் ஆகவேண்டும். மிஷன் வீதியில் சம்பா கோவில், சம்பா கோவில் என்கிறோமே, அதுகூட சான் பவுல்தான் வாய்ப்பேச்சில் தேய்ந்தது, பழைய யேசு சபைக் கோவிலுக்கு அவர் பெயர். இப்போது இருப்பது ஜென்மராக்கினி மாதா பேராலயம், ஆனால் ஊர் வாயில் இன்னும் பவுல்தான் இருக்கிறார்.

சம்பா கோவில் என்றதும் இன்னொன்று. அந்தக் காலத்துப் புதுச்சேரி வணிகர் ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பில் 1745ஆம் வருடத்துக் கதை ஒன்று வருகிறது. அந்தக் கோவிலுக்குள்ளே பறையர் கிறிஸ்தவர்களைத் தனியாகப் பிரித்து வைக்க ஒரு சுவர் இருந்தது, அது இடிக்கப்பட்டது, உயர்சாதிக் கிறிஸ்தவர்கள் கொதித்தார்கள். எங்கள் அன்பியத்தில் ஆட்டோக்காரர் வீட்டில் கூட்டம் நடந்த மாதம், அதுவரை தவறாமல் வந்த இரண்டு குடும்பம் வரவில்லை, ஒருவருக்குத் தலைவலி, இன்னொருவருக்கு விருந்தாளி. எல்லோருக்கும் புரிந்தது, யாரும் பேசவில்லை. நானும் பேசவில்லை, அதை இங்கே எழுதித்தான் ஆகவேண்டும். அவர் வீட்டு டீயும் சுண்டலும் அன்று நிறைய மிஞ்சிவிட்டது. அந்த இரண்டு குடும்பத்தில் ஒன்று மட்டும் பிறகு அவர் வீட்டுக்கு வந்தது, அதுவும் அவருடைய அம்மா இறந்தபோது.

சரி, இப்போது உன்னிடம் சொல்ல நினைத்ததைச் சொல்கிறேன், மற்றதெல்லாம் சுற்றி வளைத்தது.

என் அப்பா போன ராத்திரி நீ இருந்தாய். வாசல் திண்ணையில் நீயும் நானும் விடிய விடிய உட்கார்ந்திருந்தோம். நீ ஒரு தடவை, "சாமியாரைக் கூப்பிட வேண்டாமா?" என்று கேட்டாய். நான் உள்ளே போய் அம்மாவிடம் கேட்டேன். அம்மா என் வாயைப் பொத்தினார்கள். "அவஸ்தைப்பூசுதலா? எண்ணெயோடு சாமியார் வாசல்படி ஏறினாலே அவர் பயத்தில் உயிரை விட்டுவிடுவார், நாமே அனுப்பிவைத்த மாதிரி ஆகிவிடும்" என்றார்கள். பெயரே அப்படித்தானே, அவஸ்தை, சாகும் நேரத்தில் எண்ணெய் பூசுவது என்றுதான் நாம் நினைத்திருந்தோம். அப்பாவுக்கு அப்போது நினைவு இருந்தது. செபமாலையை விரலில் உருட்டிக்கொண்டுதான் இருந்தார். நாலரை மணிக்குப் போய்விட்டார். சாமியார் அடக்கத்துக்குத்தான் வந்தார்.

போன பிப்ரவரியில் வகுப்பில் ஏழு அருட்சாதனங்கள், ஞானஸ்நானம், நற்கருணை மாதிரியான திருச்சபைச் சடங்குகள், இந்தப் பூசுதலும் அதில் ஒன்று. சிஸ்டர் யாக்கோபு திருமுகம் ஐந்தாம் அதிகாரத்தைப் படிக்கச் சொன்னார். உங்களில் ஒருவர் நோயுற்றிருந்தால் மூப்பர்களை அழைக்கட்டும், அவர்கள் எண்ணெய் பூசி வேண்டட்டும் என்று இருக்கிறது. சாகக் கிடந்தால் என்று இல்லை, நோயுற்றிருந்தால். உலகத்து ஆயர்களெல்லாம் ரோமில் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963லேயே இதை நோயில் பூசுதல் என்று சொல்வதுதான் பொருத்தம், உயிர் பிரியும் கட்டத்துக்கு மட்டும் உரியதன்று என்று எழுதிவிட்டதாம். பெரிய ஆபரேஷனுக்கு முன்னால் வாங்கலாம், வயதாகித் தளர்ந்தவர்கள் வாங்கலாம், நோய் முற்றினால் மறுபடியும் வாங்கலாம். நான் கையைத் தூக்கி, "எந்த வருடம் சொன்னீர்கள்?" என்று மறுபடி கேட்டேன். 1963. நானும் நீயும் மூன்றாவது பிறந்தநாள்கூடக் கொண்டாடியிராத வருடம்.

அப்பா இறந்தது 2003இல். நாற்பது வருடம், ஒல்லி. எழுதிவைத்தது ரோமில் இருந்தது, கோவில் அலமாரியில் இருந்தது, எங்கள் வாசல்படிக்கு மட்டும் வரவில்லை. யாரைக் குறை சொல்ல? சாமியார்கள் ஏதோ ஒரு ஞாயிறு பிரசங்கத்தில் சொல்லித்தான் இருப்பார்கள். நான் அப்போது வேப்பமரத்தடியில் இருந்திருப்பேன்.

ஏப்ரலில் அம்மா பாத்ரூமில் விழுந்து இடுப்பு உடைந்தது. உனக்குச் சொன்னேன், ஆபரேஷன் என்று. முந்தின நாள் நான் பங்குச் சாமியாரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன், போவதற்கு முன் அம்மாவிடம் அரைமணி நேரம் உட்கார்ந்து வகுப்பில் கேட்டதையெல்லாம் சொன்னேன். நம்பவில்லை. "எனக்குத்தான் நேரம் வந்துவிட்டது, நீ மறைக்கிறாய்" என்றார்கள். சாமியார் நெற்றியிலும் இரண்டு உள்ளங்கையிலும் எண்ணெய் பூசி, தலையில் கைவைத்துச் செபித்தார், பத்து நிமிடம் ஆகியிருக்காது. அம்மா கண்ணைத் திறந்து, "அவ்வளவுதானா?" என்று கேட்டார்கள். பிறகு காபி கேட்டார்கள், நர்ஸ் கூடாது என்றதும் நர்ஸோடு சண்டை. இப்போது வாக்கர் பிடித்து ஹாலுக்கு வருகிறார்கள். ஆபரேஷன் நன்றாக முடிந்ததற்கு டாக்டரின் கை காரணம், எலும்பு காரணம், அதில் நான் எதையும் கலக்கவில்லை. ஆனால் வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் ராத்திரி, விளக்கை அணைக்கப் போன என்னைக் கூப்பிட்டு, "உங்க அப்பாவுக்கும் இது வலிச்சிருக்காது, இல்ல?" என்று கேட்டார்கள். நான் வலித்திருக்காது என்றேன். அப்புறம் வெகுநேரம் தூங்கவில்லை.

நான் மாறிவிட்டேன் என்று எண்ணிவிடாதே. பங்குப் பேரவையில் சீரியல் செட்டுக்கு எவ்வளவு, பேண்டு வாத்தியத்துக்கு எவ்வளவு என்று திருவிழா கணக்குக்காக அடித்துக்கொள்கிறார்கள், போன கூட்டத்தில் நான் பாதியில் எழுந்து வந்துவிட்டேன். வகுப்பிலும் ஒருவர் இருக்கிறார், எந்தக் கேள்வி வந்தாலும் தன் வாழ்க்கைச் சாட்சியத்தை ஆதியிலிருந்து ஆரம்பிப்பார். எனக்குச் சந்தேகங்களும் குறையவில்லை, ஒழுங்காகக் கேட்கத் தெரிந்திருக்கிறது, அவ்வளவுதான். நம் கூட்டாளி, கடன் வாங்கி என் தங்கை கல்யாணத்தை நடத்திக்கொடுத்தவன், மாரியம்மன் கோவில் தெருக்காரன், அவன் போய்ச்சேர்ந்தானே, அவன் கதி என்ன என்று கேட்டேன். சிஸ்டர் 1964இல் சங்கம் திருச்சபையைப் பற்றி எழுதிய ஏட்டில் பதினாறாம் எண்ணை எடுத்துக் காட்டினார், தன் குற்றமில்லாமல் நற்செய்தியை அறியாதவன் நேர்மையான உள்ளத்தோடு கடவுளைத் தேடி மனச்சாட்சிப்படி நடந்தால் மீட்படையலாம் என்கிறது. அவன் கடவுளைத் தேடினானா என்பது எனக்குத் தெரியாது, சீட்டாட ஆள் தேடுவான். ஆனால் மனச்சாட்சி விஷயத்தில் நம் இரண்டு பேரையும்விட அவன் மேல்.

இப்போது வின்சென்ட் தே பவுல் சபையிலும் சேர்ந்திருக்கிறேன். 1833இல் பாரிசில் இருபது வயது மாணவர் ஓசானாம் நண்பர்களோடு ஆரம்பித்தது, ஏழை வீட்டுக்கு நேரில் போய் உட்காருவதுதான் வேலை. கூட்டம் முடியும்போது ஒரு பை சுற்றிவரும், உள்ளே கையை விட்டுப் போடவேண்டும், யார் எவ்வளவு போட்டார் என்று பக்கத்தில் இருப்பவருக்கும் தெரியாது. திருவிழா வசூலையும் இப்படி நடத்தினால் பாதி சண்டை தீரும் என்றேன், முறைத்தார்கள்.

ஆகஸ்ட் மூன்றாம் வாரம் வந்துவிடேன். வேளாங்கண்ணியில் 29ஆம் தேதி கொடியேற்றம், அதற்குள் போய்ச் சேரவேண்டும் என்று சென்னையிலிருந்து காவி கட்டி நடந்து வருகிறவர்கள் நம் ஊர் வழியாகக் கடலூர் பக்கம் போவார்கள். எங்கள் அன்பியம் ரோட்டோரமாகப் பந்தல் போட்டு நீர்மோர் தரும், கால் கொப்புளத்துக்கு மருந்து வைத்திருப்போம். ராத்திரி பத்து மணிக்கு மேல்தான் கூட்டம் அதிகம், வெயிலுக்குப் பயந்து ராத்திரியில் நடக்கிறார்கள். ஆட்டோக்காரர் பெரிய அண்டாவில் மோர் கடைவதைப் பார்க்கவேண்டும் நீ. கோவிலுக்குள் வா என்று நான் கூப்பிடவில்லை, பந்தல் ரோட்டில்தான்.

வரும்போது உங்கள் பாட்டியின் பழைய செபப்புத்தகம், அட்டை கிழிந்த அந்தத் தடித்த ஒன்று, இருந்தால் எடுத்து வா. சிஸ்டர் பார்க்கவேண்டும் என்கிறார். அதில் இன்னும் எனக்குப் புரியாத வார்த்தைகள் நிறைய இருக்கும். சுகர் எவ்வளவு இருக்கிறது என்று எழுது, மருமகள் வேலைக்குச் சேர்ந்தாளா என்பதையும் எழுது.

உன்
கட்டை