பல் கடிக்கிற பாப்பாவுக்கு

அன்புள்ள பாப்பாவுக்கு,

ராத்திரி நீ பல்லை நறநறவென்று கடிக்கிற சத்தத்தில் தனக்குத் தூக்கம் போய்விடுகிறது என்று மாப்பிள்ளை போனில் சிரித்துக்கொண்டுதான் சொன்னார், ஆனால் காலையில் வாயைத் திறந்தாலே தாடை வலிக்கிறது, நெற்றிப்பொட்டு கனக்கிறது என்று நீ பின்னாலிருந்து சொன்னது எனக்கு உறைத்தது. அதற்குள் உன் ஆபீஸ் தோழி மாத்திரை பெயரே எழுதிக் கொடுத்துவிட்டாளாம். கும்பகோணத்தில் இத்தனை வருஷம் மருந்துக்கடை வைத்திருந்தவன் மகளுக்கு மாத்திரை சொல்ல ஐதராபாத்தில் ஆள் கிடைத்துவிட்டது, பார்!

அவள் எழுதின கிளோனசெபம் வலிப்புக்கும் பதற்றத்துக்கும் கொடுக்கிறது, டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாதது. பல் கடிப்பதைக் கொஞ்சம் குறைக்கும் என்று சின்னச் சின்ன ஆய்வுகள் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் மறுநாள் மந்தமாக இருக்கும், நீ ஸ்கூட்டி ஓட்டுகிறவள், அப்புறம் நாளாக நாளாக உடம்பு அதைக் கேட்க ஆரம்பித்துவிடும், பழகினபின் திடீரென்று நிறுத்தவும் கூடாது. மனச்சோர்வுக்குக் கொடுக்கிற அமிட்ரிப்டிலினைக் கொடுத்துப் பார்த்ததில் கடிப்பது குறையவில்லை. பிரஷர் மாத்திரையான குளோனிடின் குறைத்தது, கூடவே காலையில் பிரஷரையும் இறக்கியது, உனக்கோ ஏற்கெனவே லோ பிரஷர். மருத்துவ ஆய்வுகளைச் சேர்த்து அலசுகிற காக்ரேன் அமைப்பின் 2014 தொகுப்பில் இந்த மாதிரி மருந்துகளைப் பார்த்தவர்கள் போதிய ஆதாரம் இல்லை என்றுதான் முடித்தார்கள்.

சரி, ராத்திரி பல்வரிசையில் மாட்டிக்கொள்கிற உறை, அதாவது நைட் கார்டு, தீர்த்துவிடுமா என்றால் அதுவும் இல்லை. 2007ல் அதே காக்ரேன் அதற்கும் ஆதாரம் போதாது என்றுதான் சொன்னது, பல் தேய்வதைத் தடுக்க உதவலாம் என்ற அளவில். எனக்கு அதுவே போதும். நீ கடிப்பாய், கார்டின் அக்ரிலிக் பிளாஸ்டிக் தேயும், பல் தப்பிக்கும். தேய்ந்த எனாமல் திரும்ப வளராது. மாத்திரை விற்றே உன்னைப் படிக்கவைத்தவன் சொல்கிறேன், முதலில் கார்டு.

ஆன்லைனில் வெந்நீரில் போட்டுக் கடித்துப் பதிக்கிற ரப்பர் வகையை வாங்காதே, மெத்தென்று இருந்தால் சிலர் இன்னும் அதிகமாகக் கடிக்கிறார்கள். பல் டாக்டர் அச்செடுத்துச் செய்கிற கெட்டியான கார்டு, வரிசை முழுக்க மூடுகிறதாக இருக்கட்டும். முன்பல்லை மட்டும் பிடிக்கிற சின்னதைத் தொடர்ந்து போட்டால் பின்பல் நகர்ந்து கடியே மாறிப்போகலாம். ஆரம்பத்தில் எச்சில் ஊறும், எங்காவது அழுத்தும், பொறுத்துக்கொண்டு கிடக்காமல் திரும்பப் போய் ராவித் தரச் சொல். பச்சைத் தண்ணீரில்தான் கழுவ வேண்டும், வெந்நீர் பட்டால் வளைந்துவிடும்.

பாட்டி இதைக் கேட்டால் வயிற்றில் பூச்சி என்று வேப்பங்கொழுந்து அரைக்கப் போய்விடுவாள், அவளிடம் மூச்சு விடாதே.

முக்கியமான ஒன்று. போன வருஷம் மனச்சோர்வுக்கு உனக்கு எஸ்சிட்டலோபிராம் ஆரம்பித்தார்களே, அந்த வகை மாத்திரையாலேயே சிலருக்குப் பல் கடிப்பது வரும். அதற்குப் பிறகுதான் உனக்கு இது ஆரம்பித்ததா என்று யோசித்துப் பார். அதற்காக நீயாக நிறுத்திவிடாதே அம்மாடி, எழுதிக் கொடுத்த டாக்டரிடமே சொல், அளவைக் குறைப்பதா மாற்றுவதா என்று அவர் பார்த்துக்கொள்வார். மாப்பிள்ளையிடம் இன்னொன்றும் கேள்: நீ குறட்டை விடுகிறாயா, நடுவில் மூச்சு நின்று நின்று வருகிறதா? அப்படி இருந்தால் முதலில் தூக்கப் பரிசோதனை, ஏனென்றால் மேல்வரிசைக் கார்டு சிலருக்கு மூச்சுத் தடையைக் கூட்டிவிடும், கிளோனசெபமும் கூட்டலாம்.

சாயங்காலத்துக்கு மேல் காப்பி வேண்டாம். இங்கிருந்து பொடி அனுப்புகிறவனே சொல்கிறேன்.

மேட்டூர்த் தண்ணீர் வந்துவிட்டது, குறுவை நடவுக்கு ஆள் தேடி அலைகிறேன், இல்லாவிட்டால் நேரிலேயே வந்து உன்னைக் கூட்டிப்போயிருப்பேன். இந்த வாரமே பல் டாக்டரிடம் நேரம் வாங்கிவிட்டுச் சொல். அம்மா தட்டையும் முறுக்கும் பார்சல் கட்டிவிட்டாள், தாடை வலி போகிறவரை அதெல்லாம் மாப்பிள்ளைக்கு.

அப்பா