தென்னந்தோப்பில் நிற்கும் படகு

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் வந்த அன்றைக்குத்தான் மச்சினன் தோப்பில் படகு வந்து இறங்கியது. அதனால்தான் பதில் எழுத மூன்று வாரம் ஆகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே. முழங்காலைப் பற்றிக் கேட்டிருந்தாய். வலியும் இருக்கிறது, மாத்திரையும் இருக்கிறது, இரண்டும் ஒன்றையொன்று கண்டுகொள்வதில்லை. சின்னவளுக்குப் பையன் பிறந்திருக்கிறான். மற்றபடி எல்லோரும் சௌக்கியம். இனி படகு, உங்கள் தூத்துக்குடிக் கடலில் மீன் பிடிக்க என்று மச்சினன் வாங்கியது.

22 அடி ஃபைபர். சின்னதாக ஒரு கேபின், உள்ளே இரண்டு பேர் காலை மடக்கிப் படுக்கலாம். 30 குதிரைச் சக்தி டீசல் இன்ஜின். கொச்சியில் யாரோ ஆசைப்பட்டு வாங்கி, ஆசை தீர்ந்து யார்டில் போட்டு வைத்திருந்தது. அங்கேயே வைத்து வேலை பார்த்திருக்கலாம். இவன் கேட்டால்தானே! "நம்மூர்ல லேத்து இருக்குது, வெல்டிங் இருக்குது, நீங்க இருக்கறீங்க, அங்க எதுக்குங் மாமா கூலியக் குடுத்துட்டு?" என்று லாரியில் ஏற்றி, பாலக்காடு தாண்டி, பொள்ளாச்சித் தோப்பில் கொண்டுவந்து டயர் அடுக்கி உட்கார வைத்துவிட்டான். இரண்டாம் நாளே கேபின் கூரையில் தேங்காய் விழுந்து விரிசல். அலை அடித்து உடைந்த படகை நீ எத்தனையோ பார்த்திருப்பாய், தேங்காய் விழுந்து உடைந்தது இது ஒன்றுதான் இருக்கும்.

மாமியார் தடியை ஊன்றிக்கொண்டு வந்து அதை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். "பரிசல இத்தன பெருசாச் செஞ்சு என்ன கண்ணு பண்றது? ஆழியாத்துல எறக்க உடமாட்டாங்களே." அப்படியே சொல்லிவிட்டு மாட்டுக்குத் தண்ணி காட்டப் போய்விட்டார்.

கோயம்புத்தூர் கணபதியில் 40 வருஷம் மோட்டார் பம்பு பார்த்தவன் நான். கிணற்றிலிருந்து தண்ணியை மேலே ஏற்றுவதுதான் தெரிந்த தொழில். உள்ளே வருகிற தண்ணியைத் தடுக்கிற தொழில் இப்போதுதான் படிக்கிறேன். ஆனால் பாதி நம்ம வேலையாகவே இருக்கிறது. புரொப்பெல்லர் ஷாஃப்ட் படகை விட்டு வெளியேறுகிற இடத்தில் இருப்பது அதே கிளாண்டு, ஷாஃப்ட்டைச் சுற்றிக் கயிறு அடைத்துத் தண்ணியைத் தடுக்கிற இடம்! மோனோபிளாக் பம்பில் இருக்கிற மாதிரியேதான். ஓடும்போது சொட்டுச் சொட்டாகத் தண்ணி விழ வேண்டும், சுத்தமாக நின்றுபோனால் சூடேறி ஷாஃப்ட்டைத் தின்றுவிடும். இதை எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை என்று நினைத்து, காலங்காலமாகப் போடுகிற கிராஃபைட் கயிற்றையே மூன்று சுற்றுச் சுற்றி வைத்துவிட்டேன். மறுநாள் உன் கடிதத்தைத் திரும்பப் படிக்கும்போதுதான், கடைசிப் பக்கத்தில் நீ கோடு போட்டு எழுதியிருந்தது கண்ணில் பட்டது. உப்புத் தண்ணியில் கிராஃபைட் பட்டால் ஸ்டெயின்லெஸ் ஷாஃப்ட்டே குழி விழும் என்று. பிடுங்கி எறிந்துவிட்டு டெஃப்லான் கயிறு வாங்கப் போனேன். கடைக்காரப் பையன், "உங்களுக்கேவாங் ஐயா சந்தேகம்?" என்றான். என்ன சொல்வது?

அடுத்து, கடல் தண்ணியை உறிஞ்சி இன்ஜினைக் குளிர வைக்கிற சின்னப் பம்பு. இம்பெல்லர், அதாவது உள்ளே சுற்றித் தண்ணியைத் தள்ளுகிற சக்கரம், என்றால் எனக்கு வார்ப்பிரும்பு, மிஞ்சினால் கன்மெட்டல். இதில் இருப்பது ரப்பர். உள்ளங்கையில் அடங்குகிற பூ மாதிரி, ஆறு இதழ். எண்ணினால் நாலுதான் இருந்தது. யாரோ தண்ணி வருகிற வால்வைத் திறக்காமல் ஓட்டியிருக்கிறார்கள். தண்ணி இல்லாமல் கொஞ்ச நேரம் சுற்றினாலே கருகிக் கிழிந்துபோகிற சாமான் அது. மச்சினன் புதிது வாங்கி வந்து, "மாட்டிப்போடுங் மாமா, முடிஞ்சுது" என்றான். எங்கே முடிந்தது? போன இரண்டு இதழ் எங்கே போயிற்று? பம்பிலிருந்து தண்ணி போகிற வழி முழுக்கக் கழற்றினேன். ஒன்று முதல் எல்போவிலேயே கிடைத்தது. இன்னொன்றுக்கு மூன்று நாள். கடைசியில் இன்ஜின் சூட்டைத் தணிக்கிற ஹீட் எக்ஸ்சேஞ்சர் மூடியைத் திறந்து டார்ச் அடித்தால், மெல்லிய குழாய்களின் வாயை அடைத்துக்கொண்டு கறுப்பாக, கட்டைவிரல் நகத்தளவு, அப்பிக் கிடந்தது. அதை ஒரு தீப்பெட்டியில் போட்டு வைத்திருக்கிறேன், வரும்போது காட்டுகிறேன். பிறகு பேரலில் போர் தண்ணி நிரப்பி, ஹோஸை அதில் விட்டு இன்ஜினை ஓட்டினோம். தோப்பு முழுக்கப் புகை. பக்கத்துக் காட்டுக்காரர் தீப்பிடித்துவிட்டது என்று ஓடிவந்தார்.

தூக்கத்தைக் கெடுத்தது வேறொன்று. முன்பக்கம், நீ அணியம் என்பாயே, அங்கே பலகையைத் தூக்கினால் ஒரு பழைய வால்வு. ஒரு காலத்தில் கழிப்பறைக்குத் தண்ணி எடுத்த வழி. கழிப்பறையை எடுத்தவர்கள் அடி ஓட்டையை அடைக்கவில்லை. வால்வு பாதி திறந்தபடி இறுகிப்போயிருக்கிறது, மேலே வெட்டிவிட்ட ஹோஸ் துண்டு, அதன் வாயில் மரக்கட்டை, எல்லாவற்றுக்கும் மேல் வெள்ளைப் பெயின்ட். ஸ்க்ரூ டிரைவரால் வால்வைச் சுரண்டினேன். பித்தளை என்றால் மஞ்சளாக மின்ன வேண்டும். இது செங்கல் நிறத்தில் பொடிந்தது. துத்தநாகம் முழுக்க உப்பில் கரைந்து, செம்பின் சக்கை மட்டும் நிற்கிறது. லேசாகத் தட்டினேன், கழுத்து கையோடு வந்துவிட்டது. தோப்பில் தரை காய்ந்து கிடந்தது, அதனால் ஒன்றும் ஆகவில்லை. மச்சினனைக் கூப்பிட்டுக் கையில் கொடுத்தேன். அன்றைக்கு முழுக்க அவன் அவசரப்படுத்தவில்லை.

அந்த ஓட்டையை உள்ளும் புறமும் சரிவாகத் தேய்த்து, ஃபைபர் மேட் அடுக்கி மூடிவிட்டோம். மற்ற இரண்டு வால்வையும் கழற்றி வெண்கலம் போட்டாயிற்று. ஒவ்வொரு ஹோஸுக்கும் இரண்டு கிளாம்ப். பக்கத்திலேயே, ஹோஸ் பிய்ந்தால் ஓட்டையை அடைக்க, கூம்பு மாதிரி கடைந்த மரக்கட்டை, கயிற்றில் கட்டித் தொங்குகிறது. வேப்பமரத்தில் கடையச் சொன்னேன், ஆசாரி காசு வாங்கவில்லை.

உள்ளே சேரும் தண்ணியை இறைக்கிற பம்பில் மணிக்கு 2000 லிட்டர் என்று அச்சடித்திருக்கிறது. நம்மிடமா இந்தக் கதை? ஹெட், அதாவது தூக்குகிற உயரம், இல்லாமல் சொல்கிற கணக்கு அது. ஹோஸை மாட்டி, வெளியே விடுகிற உயரத்துக்குத் தூக்கிப் பிடித்து, 20 லிட்டர் பக்கெட்டும் கடிகாரமும் வைத்துப் பார்த்தேன். நிரம்ப ஒரு நிமிஷம். ஆக 1200. அதே மாதிரி இன்னொன்றும், கையால் இறைக்கிற பம்பு ஒன்றும் சேர்த்திருக்கிறேன்.

டீசல் டேங்கில் அடியில் இரண்டு விரற்கடைக்குச் சேறு. ரோட்டில் ஒழுங்காக ஓடும் டிராக்டர், வரப்பு ஏறி இறங்கினதும் சேறு கலங்கி மூச்சடைத்து நிற்குமே, அதே சங்கதிதான் அலையிலும் நடக்கும். கழுவித் துடைத்து, தண்ணி பிரிக்கிற ஃபில்டர் இரண்டு வைத்து, ஓடும்போதே ஒன்றிலிருந்து ஒன்றுக்கு மாற்றுகிற மாதிரி வால்வு போட்டிருக்கிறேன். பேட்டரி இரண்டு. ஒன்று ஸ்டார்ட் பண்ண மட்டும், அதில் யாரும் லைட் போடக்கூடாது. லைஃப் ஜாக்கெட், விஎச்எஃப் ரேடியோ எல்லாம் வந்துவிட்டன. ஆபத்தில் ரேடியோவில் கூப்பிடுகிற சேனல் 16-ஐயும் கடலோரக் காவல்படையின் போன் நம்பர் 1554-ஐயும் கேபின் கதவில் பெரிசாக எழுதி ஒட்டியாயிற்று.

இப்போது சண்டை எதில் என்றால், தூரத்தில். அவனுக்கு 40 கடல் மைல் போய்ச் சூரை மீன் பிடிக்க வேண்டும். நான் 15 என்கிறேன். 6 நாட், அதாவது மணிக்கு 6 கடல் மைல் வேகத்தில் போக இரண்டரை மணி, வர இரண்டரை மணி, மணிக்கு 5 லிட்டர் என்றால் 25. நடுவில் தூண்டிலை இழுத்துக்கொண்டு மெதுவாகச் சுற்ற 4 மணி நேரம், ஒரு 12. மொத்தம் 37. அதற்கு மேல் அதில் பாதி அளவைத் தொடாமல் மிச்சம் வைக்க வேண்டும். நம்ம டேங்க் கொள்வதே 60 தான். இதைச் சொன்னால் "கேன்ல எடுத்துக்கலாமுங்" என்கிறான். எனக்கு ஒரு சீலா மீன், இரண்டு பாறை மீன் விழுந்தால் போதும். வான் தீவு, காசுவார் தீவுப் பக்கம் கடல் தேசியப் பூங்கா என்று நீ எழுதியிருந்ததை அவனுக்கு வரைபடத்தில் சிவப்புக் கோடு போட்டுக் காட்டிவிட்டேன்.

ஏப்ரல் 15-க்கு மீன்பிடித் தடைக்காலம் தொடங்கிவிடும். அதற்கு முன்னால், பங்குனியில் கடல் படிந்து கிடக்கும் என்றாயே, அப்போது வரலாம் என்றிருக்கிறோம். அதை விட்டால் அப்புறம் ஆடிக்காற்று, பாலக்காட்டுக் கணவாயில் புகுந்து இங்கேயே தென்னையை வளைக்கும், உங்கள் கடலில் என்ன செய்யுமோ. படகின் பதிவை மாற்றும் வேலை இன்னும் பாக்கி. அது முடியாமல் லாரி கிளம்பாது.

உன்னிடம் இரண்டு வேலை. நங்கூரக் கயிறு எத்தனை பாகம் (இரண்டு கையையும் விரித்த நீளம்) வேண்டும் என்று எழுது. ஆயிரம் அடி போர் போட்ட ஊர்க்காரன் என்பதால் ஆழம் சொன்னால் பயப்பட மாட்டேன். ஆனால் ஆழத்தைப் போல ஐந்து மடங்கு கயிறு என்றால் பட்ஜெட் போட வேண்டும்.

இரண்டாவது, படகைத் தண்ணியில் இறக்கி ஒரு நாள் அப்படியே விட்டபிறகு, இன்ஜினையும் ஷாஃப்ட்டையும் இணைக்கிற கப்ளிங்கை நீ பார்க்க வேண்டும். இங்கே டயர் மேல் உட்கார்ந்திருக்கும்போது இடைவெளி அளக்கிற ஃபீலர் கேஜ் வைத்து நேராக்கிவிட்டேன். தண்ணியில் மிதக்கும்போது அடிப்பாகம் கொஞ்சம் வேறு மாதிரி உட்காரும், இடைவெளி மாறும். அதோடு மீதியையும் ஒரு கண் பார். சரியில்லை என்று பட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடு. நான் சொன்னால் வயசான பயம் என்பான். உன் வாயிலிருந்து வந்தால் கேட்பான். இதை நான் எழுதினேன் என்று மட்டும் அவனிடம் காட்டிக்கொள்ளாதே. துறையிலேயே கட்டி வைத்துவிட்டுப் பொரிச்ச பரோட்டா தின்றுவிட்டுத் திரும்பினாலும் எனக்குச் சம்மதம்தான்.

தங்கச்சியைக் கேட்டதாகச் சொல். நாட்டுச்சர்க்கரையும், இளநீர் ஒரு மூட்டையும் லாரியிலேயே வரும். கூரை விரிசலை அடைத்த இடம் மட்டும் நிறம் சேரவில்லை, பார்த்துச் சிரிக்காதே.

உன் பழைய ரூம்மேட்