பக்கப் பாதை ஐஸையும் பாருங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

கனடாவில் குளிர்காலம் வந்தால் நம் ஆட்கள் ஐஸ் உருக வீட்டு முன்பக்க டிரைவேயில் உப்பை அள்ளிக் கொட்டிவிட்டு வேலைக்குப் போய்விடுகிறார்கள். பேஸ்மென்டில் குடியிருப்பவர்கள் நடக்கும் பக்கப் பாதையை யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. ஸ்காபரோவில் வீடு வாங்கி 18 வருடமாக நானும் அப்படித்தான் இருந்தேன்.

போன தை மாதம், எங்கள் பேஸ்மென்டில் வாடகைக்கு இருக்கும் ஒரு அம்மா விடிய ஆறு மணி பஸ்ஸுக்குப் புறப்பட்டவர், அந்தப் பாதையில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டை முறித்துக்கொண்டார். டோர்ச் அடித்துப் பார்த்தேன். ஸ்னோ ஒரு பொட்டும் இல்லை. சீமெந்து வெறும் ஈரமாகத்தான் தெரிந்தது. கையை வைத்தால் கண்ணாடி போல ஐஸ்! முதல் நாள் வெயிலுக்குக் கூரைப் பனி உருகி, பீலிக் குழாயால் இறங்கி, பாதைக்குக் குறுக்கே ஓடி, இரவில் உறைந்திருக்கிறது.

பதறிப்போய் அரை மூடை உப்பைக் கொட்டினேன். அன்று குளிர் மைனஸ் 17. மத்தியானம் வரை உப்புக்கல் ஐஸின்மேல் கொட்டியபடியே கிடந்தது. சாதாரண உப்பு மைனஸ் 10க்குக் கீழே அவ்வளவாக வேலை செய்யாது. அந்தக் குளிருக்குக் கால்சியம் குளோரைட் வேண்டும். இல்லாவிட்டால் கால் வழுக்காமல் இருக்க மணல் தூவலாம். கொதிதண்ணீர் ஊற்றுகிறவர்களும் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம், அந்தத் தண்ணீரும் சேர்ந்து உறையும்.

டிரைவேயில் ஸ்னோவை, காரை எடுக்க முன்பே தள்ளிவிட வேண்டும். ரயர் ஏறி இறுகினால் அப்புறம் சவளுக்கு அசையாது. தள்ளி முடித்தபின் ஒரு கோப்பிக் குவளை உப்பு 20 அடி டிரைவேக்குக் காணும். அதற்குமேல் கொட்டினால் சீமெந்து செதில் செதிலாகக் கழலும், ஓரத்துப் புல் கருகும். மிச்சம் மழைநீர்க் கானால் ஹைலண்ட் கிறீக் என்ற ஓடைக்கும், அங்கிருந்து ஒன்ராறியோ ஏரிக்கும் போகிறது. நாம் குடிப்பதும் அந்த ஏரித் தண்ணீரைத்தான். வீதிக்குப் போடும் உப்பு சுற்றுச்சூழலுக்கு நச்சு என்று கனடா அரசின் ஆய்வு 2001இலேயே சொல்லிவிட்டது.

பீலிக் குழாயின் வாயில் ஒரு வளைவும் ஆறு அடிக் குழாயும் மாட்டி, தண்ணீரைப் பின்வளவுப் புல்லுக்குத் திருப்பிவிட்டேன். அரை மணி நேர வேலை. இந்த மார்கழியில் பாதை காய்ந்து கிடக்கிறது. 18 வருடமாக அதைச் செய்யாமல் விட்டிருக்கிறேன்.

அந்த அம்மா ஆறு கிழமை வேலைக்குப் போகவில்லை. என்னிடம் ஒரு சொல்லும் கேட்கவில்லை. மாசி வாடகையைக் கொண்டுவந்தபோது வலக்கையில் கட்டு. இடக்கையால் காசை நீட்டி, "குறை நினையாதேங்கோ அண்ணை" என்றார். அந்தக் காசை நான் வாங்கவில்லை.

பேஸ்மென்ட் வாடகைக்கு விட்டிருப்பவர்கள் இன்றிரவே டோர்ச்சோடு அந்தப் பக்கத்தால் ஒருமுறை நடந்து பாருங்கள். வாசலடியில் ஒரு வாளி மணலும் ஒரு குவளையும் வைத்துவிடுங்கள்.

வாசகர் ஒருவர்,
ஸ்காபரோ