கல்யாணக் கவலை மட்டும்தானா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஞாயிறு இணைப்பில் ஆங்கில எழுத்தாளர் ஜேன் ஆஸ்டினின் நாவல்கள் படமான கதையை எழுதிய தங்கள் விமர்சகர், அந்தக் காலத்துப் பெண்களுக்குக் கல்யாணத்தைத் தவிர வேறு கவலையே இருந்ததில்லை என்று போகிற போக்கில் ஒரு வரி சேர்த்திருக்கிறார். படம் பார்த்தவர் அப்படித்தான் எழுதுவார். நாவலைப் புரட்டும் சிரமம் அவருக்கு எதற்கு?

தாங்கள் அறியாததல்ல. 1813-இல் வெளிவந்த 'பிரைடு அண்ட் பிரெஜுடிஸ்' நாவலில், ஐந்து பெண்களைப் பெற்ற தகப்பன் கண்ணை மூடினால் வீடும் நிலமும் உறவுக்கார ஆண் ஒருவனுக்குப் போய்விடும். தாய்க்காரி மாப்பிள்ளை தேடி அலைவது அதனால்தான். படத்தில் அவள் சிரிப்பு மூட்ட வந்தவள். 2005 படத்தில் நாயகன் டார்சி கொட்டும் மழையில் காதலைச் சொல்கிறான்; நாவலில் அது பாதிரியார் வீட்டுக்குள் நடக்கிறது. 1995 தொலைக்காட்சித் தொடரில் குளத்தில் குதிக்கிறான். நாவலில் அவன் நனைவதே இல்லை. இல்லாத தண்ணீருக்கெல்லாம் இடமுண்டு, சொத்துப் பேச்சு மட்டும் ஓரிரு வசனத்தோடு சரி.

தமிழ்நாட்டில் பூர்விகச் சொத்தில் மகளுக்கும் சமபங்கு என்று 1989-இல் சட்டம் வந்தபோது, ஏற்கெனவே மணமானவர்களை விட்டுவிட்டார்கள். நான் மணமானவள். ஆனாலும் தந்தையின் பங்கில் எனக்குப் பாத்தியம் உண்டு என்பது அண்ணன்மாருக்குத் தெரிந்திருந்தது. தந்தை காலமானதும், என் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தோடு வந்துவிட்டார்கள். பதிவு அலுவலக பெஞ்சில் நான் கையெழுத்துப் போட்டு முடித்ததும் பெரிய அண்ணி ஒரு பட்டுப்புடவையை என் மடியில் வைத்தார். விலைச்சீட்டைக்கூடக் கிழிக்கவில்லை. தோப்பிலிருந்து இன்றும் வருஷம் தவறாமல் ஒரு கூடை பெங்களூரா மாங்காய் வருகிறது. இதையும் கல்யாணக் கவலை என்பாரா தங்கள் விமர்சகர்?

சென்ற ஆண்டு, படமான தமிழ் நாவல்களைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதினீர்கள். ஓசூர் அருகே தொரப்பள்ளியில் பிறந்த ராஜாஜியின் கதையை வைத்து 1974-இல் வந்த 'திக்கற்ற பார்வதி'க்கு அதில் அரை வரிகூட இல்லை. குடியால் குலைந்த ஒரு குடும்பத்தின் கதை. மழையில் டூயட் கிடையாது, அதனால் மறந்திருக்கலாம். அப்போதும் தங்கள் சேலம் அலுவலகத்துக்குக் கடிதம் போட்டேன். எங்கள் பக்கத்துத் தபால் தொப்பூர் கணவாயைத் தாண்டுவதில்லை போலிருக்கிறது.

விமர்சகர் மன்னிப்புக் கேட்க வேண்டாம், பெரியவர். இனி இப்படிப்பட்ட கட்டுரைகளின் அடியில், அந்த நாவல் தமிழில் கிடைக்கிறதா, எந்தப் பதிப்பகம், என்ன விலை என்று ஒரு வரி போட்டால் போதும். விளம்பரம் போக இடமிருந்தால்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
காவேரிப்பட்டினம், கிருஷ்ணகிரி மாவட்டம்.